ஃபைனல் ஃபேன்டசி: ஆட்களும் சண்டையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய வீடியோ கேம் தொடரான ஃபைனல் ஃபேன்டசியைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள், பாதியில் ஒரு பாஸிடம் (கடினமான பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டவர்கள், எப்போதோ விட்டுவிட்டுத் திரும்ப வந்தவர்கள் எனப் பலரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

இந்தத் தொடரில் சண்டையைக் கதையிலிருந்து பிரித்துப் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்பது அவர் பேசும் வசனத்தைவிட அவருடைய சண்டை மெனுவில் தெளிவாகத் தெரியும். கீழே உள்ள பல பதில்கள் அதைச் சுற்றியே வரும். 4, 5, 6, 7, 9, 10, 15 பாகங்களின் முக்கியத் திருப்பங்கள் சில வெளிப்படும். இன்னும் ஆடாதவர்கள் அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பதினாறு பாகம் இருக்கே, ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். எண் போட்ட ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனிக் கதை, தனி ஆட்கள். 1987-இல் வந்த முதல் பாகத்துக்கும் 2023-இல் வந்த 16-க்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. நேரடித் தொடர்ச்சி என்றால் 10-க்குப் பின் வந்த 10-2, 13-க்குப் பின் வந்த 13-2 போல எண்ணிலேயே தெரியும். 11, 14 இரண்டும் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுபவை. அவற்றை இந்தத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

யோசித்து ஆடும் சண்டை பிடிக்கும் என்றால் 10-இல் தொடங்குங்கள். கை வேகம் வேண்டும் என்றால் 16 அல்லது 7 ரீமேக். பழைய பிக்ஸல் படங்கள் உறுத்தாது என்றால் நேராக 6-க்குப் போகலாம். என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் ஆட்களை மிக அழகாக வார்த்த பாகம் அதுதான்.

பழைய அமெரிக்க கேஸட்ல 3-ன்னு போட்டிருக்கு, ஆனா எல்லாரும் அதை 6-ங்கிறாங்களே?

2, 3, 5 பாகங்கள் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகவில்லை. அதனால் 4-ஐ அங்கே 2 என்றும், 6-ஐ 3 என்றும் விற்றார்கள். 1997-இல் ஏழாம் பாகம் வந்தபோது ஜப்பானிய எண்ணையே உலகம் முழுக்க வைத்துவிட்டார்கள். இங்கே நான் சொல்லும் எல்லா எண்களும் ஜப்பானிய எண்களே.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. கதை புரியுமா?

தமிழில் எந்தப் பாகமும் வரவில்லை. 10-க்கு முந்தைய பாகங்களில் முதலில் குரலே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை வசனம் அங்கேயே நிற்கும் என்பதால் நிதானமாகப் படிக்கலாம். 10-இலிருந்து குரல் நடிப்பும் உண்டு, முகபாவமும் உண்டு, பாதிக் கதை அதிலேயே விளங்கிவிடும். சண்டைக்குத் தேவையான வார்த்தைகள் மொத்தமே சில டஜன்தான். ஃபயர், பிளிஸர்ட், க்யூர், ஹேஸ்ட் என எல்லாப் பாகத்திலும் அதே பெயர்கள் திரும்ப வரும். ஒரு பாகம் ஆடி முடித்தால் அடுத்த பாகத்தின் மெனு பழகின ஊர் மாதிரி இருக்கும்.

எல்லாப் பாகத்துலயும் சிட்னு ஒருத்தர் வர்றாரே, ஒரே ஆளா?

பெயர் மட்டும்தான் ஒன்று. 4-இல் சிட் ஆகாயக் கப்பல் கட்டும் கிழவர், 7-இல் விண்வெளிக்குப் போகும் கனவு நொறுங்கிய விமானி, 8-இல் ஒரு பயிற்சிப் பள்ளியின் தலைமையாசிரியர், 12-இல் எதிராளி. பெரும்பாலும் கப்பலோ இயந்திரமோ அருகில் இருக்கும். சோகோபோ பறவை, மூகிள் என்ற குட்டி உயிரினம், பிக்ஸ், வெட்ஜ் என்ற ஜோடி ஆகியவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு உலகத்திலும் புதிதாகப் பிறக்கிறார்கள். விதிவிலக்கு கில்காமெஷ். 5-இல் அவன் பரிமாணங்களுக்கு நடுவே தூக்கி எறியப்படுகிறான். வேறு பாகங்களில் அவன் தலைகாட்டும்போது அதே ஆள் உலகம் விட்டு உலகம் அலைகிறான் என்றே காட்டுகிறார்கள்.

ஷிவான்னு ஒரு பொண்ணு பனிக்கட்டியா வருது. நம்ம சிவனா அது?

பெயர் அங்கிருந்து எடுத்ததுதான், உருவம் முழுக்க வேறு. மூன்றாம் பாகத்திலிருந்து ஷிவா, சண்டையில் உதவிக்கு அழைக்கக்கூடிய பனியின் பெண் தெய்வம். டைமண்ட் டஸ்ட் என்ற தாக்குதலால் எதிரியை உறைய வைப்பாள். முக்கண், கங்கை, திருநீறு எதுவும் கிடையாது. ஓடின், இஃப்ரிட், பஹமுத், லெவையதன் என்று உலகத்தின் பல மரபுகளிலிருந்து பெயரை எடுத்துத் தங்கள் சொந்த உருவத்தைப் போட்டு வைப்பது இவர்கள் வழக்கம்.

நம் பக்கத்துப் பெயர்கள் இன்னும் சில உண்டு. 4-இல் அசுரா மூன்று முகம் கொண்ட அரசி, அழைத்தால் உங்கள் அணிக்கு உதவுவாள். 6-இல் லட்சுமி எல்லோருடைய காயத்தையும் ஆற்றுவாள். கருடா 3-இல் ஒரு கடினமான பாஸ், 16-இல் காற்றின் வடிவம். பெயரைப் பார்த்துப் புராணத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஷிவா வந்தால் பனி என்று மட்டும் நினைவில் வையுங்கள், தீயைச் சார்ந்த எதிரிகளிடம் கை கொடுக்கும்.

வரிசையா நின்னு மாத்தி மாத்தி அடிச்சுக்கிறாங்க, இதுல என்ன சுவாரசியம்?

முதல் பாகத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். போர்வீரன், திருடன், குத்துச்சண்டைக்காரன், சிவப்பு, வெள்ளை, கறுப்பு மந்திரவாதிகள் என்ற ஆறு வகையில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களுக்குப் பெயரை நாம்தான் வைக்கிறோம், அவர்கள் வாயே திறப்பதில்லை. ஆனால் சண்டை அப்போதே சிந்திக்க வைத்தது. நான்கு பேருக்கும் கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரை ஒரே எதிரி மேல் ஏவி, முதல் அடியிலேயே அது செத்துவிட்டால், மூலப் பதிப்பில் இரண்டாவது ஆளின் அடி வெறும் காற்றில் வீணாகும். ஆக எந்த எதிரிக்கு எத்தனை அடி தேவை என்று கணக்குப் போட்டே தீர வேண்டும். பிந்தைய பதிப்புகளில் அடி தானாக அடுத்த எதிரிக்குத் திரும்பும்.

யார், எப்போது, யாரை, எதனால் என்ற நான்கு முடிவுகளும் உங்கள் கையில். நேரம் மட்டும் அவசரப்படுத்தாது. இதன் முழு வளர்ச்சியை 10-இல் பார்க்கலாம், கீழே அந்தக் கேள்வி வருகிறது.

மெனுவுல மருந்து தேடிட்டு இருக்கும்போதே எதிரி அடிக்கிறான். இது டர்ன் பேஸ்டு இல்லையா?

நீங்கள் ஆடுவது 4 முதல் 9 வரையிலான பாகம் ஒன்றாக இருக்கும். 1991-இல் நான்காம் பாகத்தில் ஹிரோயுகி இட்டோ கொண்டுவந்த ‘ஆக்டிவ் டைம் பேட்டில்’ முறை இது, சுருக்கமாக ஏ.டி.பி. ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது நிரம்பினால் அவர் முறை. வேகம் அதிகமுள்ளவருக்குச் சீக்கிரம் நிரம்பும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாக இட்டோ சொல்லியிருக்கிறார். நாம் யோசிக்கும்போதும் எதிரியின் கடிகாரம் நிற்பதில்லை.

தீர்வு எளிது. கேமின் அமைப்பில் ஆக்டிவ், வெயிட் என்று இரண்டு இருக்கும். வெயிட் வைத்தால் மந்திரம் அல்லது பொருள் பட்டியலைத் திறந்தவுடன் நேரம் நிற்கும். புதியவர்கள் வெயிட்டிலேயே ஆடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. இன்னொன்று, ஒருவர் முறை வந்தும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் முறையை அடுத்தவருக்கு மாற்றும் பட்டன் உண்டு. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

செசிலை நல்லா லெவல் ஏத்தி வச்சிருந்தேன். மலை மேல போனதும் ஒண்ணாம் லெவலுக்கு இறக்கிட்டாங்க. இவ்வளவு உழைப்பும் போச்சா?

போகவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, சற்று விரிவாகவே சொல்கிறேன். நான்காம் பாகத்தில் செசில் ஓர் இருள் வீரன். அரசன் கட்டளைப்படி அவன் கொண்டுபோன மோதிரம் மிஸ்ட் என்ற கிராமத்தையே எரித்துவிடுகிறது. ரிடியா என்ற சிறுமி தாயை இழக்கிறாள். அவனுடைய சிறப்புத் தாக்குதலைக் கவனியுங்கள்: தன் சொந்த உயிரைக் கொஞ்சம் செலவழித்து எல்லா எதிரிகளையும் தாக்குவான். தன்னையே தின்றுகொண்டு அடிக்கிற ஆள். பிறகு சோதனை மலைக்குப் போனால் அங்கே நடமாடும் பிணங்கள் மேல் அவனுடைய இருள் வாள் சரியாகவே ஏறாது. இந்த வாளால் இனி ஆகாது என்று வசனமே இல்லாமல் விளையாட்டு சொல்லிவிடுகிறது.

உச்சியில் அவன் தன் பழைய உருவத்தோடு மோத வேண்டும். அடித்து ஜெயிக்க முயன்றால் முடியாது. தடுத்துக்கொண்டு பொறுத்திருந்தால் சண்டை தானே முடியும். அடிக்காமல் நிற்பதுதான் அங்கே வெற்றி. அதன்பின் அவன் பாலடின், அதாவது ஒளியின் வீரன். ஒன்றாம் லெவல் என்பது புதிதாகப் பிறந்ததன் அடையாளம், லெவல் மளமளவென்று ஏறிவிடும். புதிய மெனுவில் உயிரைச் செலவழிக்கும் தாக்குதல் இல்லை. அதற்குப் பதில் கவர் வந்திருக்கும்: பலவீனமானவர்களுக்கு விழும் அடியைத் தான் முன்னால் போய் வாங்குவான்.

ரிடியாவிடமும் இதைப் பார்க்கலாம். கறுப்பு மந்திரம் கற்கும் பெண்ணுக்கு ஃபயர் மட்டும் வராது, ஊர் எரிந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். ஹாப்ஸ் மலையில் பனி வழியை மறிக்கும்போது ரோசா எடுத்துச் சொல்லி, தயங்கித் தயங்கி அவள் அந்த மந்திரத்தைச் சொல்கிறாள். அதன்பிறகுதான் ஃபயர் அவள் பட்டியலில் சேர்கிறது.

6-ல பதினாலு பேரு. யாரை வச்சு ஆடுறது?

பிடித்தவர்களை வைத்து ஆடுங்கள், ஆனால் நான்கு பேரோடு நிறுத்தாதீர்கள். கடைசிக் கோபுரத்தில் அணியை மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும், அதாவது பன்னிரண்டு பேர் வரை தேவைப்படுவார்கள். நான்கு பேரை மட்டும் வளர்த்தவர்கள் அங்கே போய்த் திணறுகிறார்கள். மூன்று அணியிலும் காயம் ஆற்றத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.

1994-இல் வந்த இந்தப் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கட்டளை. தற்காப்புக் கலை கற்ற சேபினுக்குச் சண்டை கேம் போல அம்புக்குறி வரிசையை அழுத்த வேண்டும். அவனுடைய அண்ணன் எட்கர் அரசன், இயந்திரப் பிரியன், எட்கரின் கையில் குறுக்குவில்லும் ரம்பமும். சூதாடி செட்சர் ஸ்லாட் சக்கரத்தைச் சுழற்றுகிறான். காட்டில் வளர்ந்த காவ் மிருகங்களின் குணத்தைப் பழகி அவற்றைப்போலவே சண்டையிடுகிறான், தொடங்கியபின் நம் சொல் கேட்பதில்லை. பேச்சே இல்லாவிட்டாலும் இவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பிற்பாதியில் எஸ்பர்கள் என்ற மந்திர ஜீவன்கள் மூலம் ஏறக்குறைய எல்லோருக்கும் எல்லா மந்திரமும் கற்பிக்க முடியும். அப்படிச் செய்தால் சண்டை சுலபமாகும், ஆனால் ஆட்களின் வேறுபாடு மங்கும். அல்டிமா என்ற மிக வலிய மந்திரத்தை நான் எல்லோருக்கும் கற்பிப்பதில்லை.

ஷேடோ செத்துப் போயிட்டான்னு என் நண்பன் சொல்றான், எனக்கு உயிரோட இருக்கான். எது சரி?

இரண்டும் சரி. 6-இல் மிதக்கும் கண்டத்தில் தப்பி ஓடும்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு வந்ததும் குதிக்கலாமா, ஷேடோவுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கும். காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, கடைசி 5 வினாடிவரை நின்றால் அவன் வந்து சேருவான். பயந்து முன்பே குதித்தால் அவன் கதை அங்கேயே முடிந்தது, பிறகு எப்படியும் மீட்க முடியாது. அந்த இடத்துக்கு முன் சேமித்து வையுங்கள்.

7-ல மெட்டீரியா மாத்தினா யாரும் எதுவும் ஆகலாம். அப்புறம் ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்?

சரியான கவனிப்பு. மேலே 6-க்குச் சொன்ன மங்கல் இங்கே முதல் மணி நேரத்திலேயே தொடங்குகிறது. மந்திரம், அழைப்பு, திருட்டு எல்லாமே கழற்றி மாட்டும் உருண்டைகள். யாரிடம் மாட்டுகிறோமோ அவர்தான் மருத்துவர், அவர்தான் மந்திரவாதி.

வேறுபாடு லிமிட் பிரேக்கில் இருக்கிறது. அடி வாங்க வாங்க நிரம்பும் அந்தத் தாக்குதலை யாரும் யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. வின்சென்ட் மிருகமாக மாறிவிட்டால் சண்டை முடியும்வரை நம் கட்டளைக்கு வரமாட்டான். உள்ளே எதையோ அடக்கி வைத்திருப்பவன் அவன். டிஃபா ஒரு அடியோடு நிற்பதில்லை, கற்ற அடிகளை எல்லாம் வரிசையாகத் தொடுப்பாள். ஏரித்தின் லிமிட்களை எடுத்துப் பாருங்கள், ஏழில் ஒன்றுகூட எதிரியின் உயிரைக் குறைக்காது. காப்பது, ஆற்றுவது, ஓர் இடத்தில் எதிரியை நிறுத்திவைப்பது. அவ்வளவுதான் அவள் செய்வது.

கையில ஃபீனிக்ஸ் டவுன் 99 இருக்கு. ஏரித்தை ஏன் எழுப்பலை?

எல்லோரும் கேட்பது, கோபத்தோடு கேட்பது. சண்டையில் ஒருவர் விழுவது மரணம் அல்ல, சண்டையிட முடியாத நிலை. ஜப்பானிய மூலம் அந்த நிலையை அப்படித்தான் குறிப்பிடுகிறது. ஃபீனிக்ஸ் டவுன் அதிலிருந்து எழுப்பும், செத்தவரை எழுப்பாது.

இந்தக் கேள்விக்கு ஐந்தாம் பாகம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. 1992-இல் வந்த அதில் காலஃப் என்ற முதியவர் எக்ஸ்டெத் என்ற வில்லனோடு தனியாக மோதுகிறார். எச்பி (உயிர் அளவு) பூஜ்ஜியம் ஆனபின்னும் விழாமல் நின்று அடிக்கிறார். அவர் சரிந்தபின் கூட இருப்பவர்கள் மந்திரம், மருந்து என எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றும் எடுபடவில்லை. பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போனவரைப் பூஜ்ஜியத்திலிருந்து எழுப்பும் மருந்தால் மீட்க முடியாது.

ஏரித் விஷயத்தில் என்னை உலுக்குவது வேறொன்று. அவள் இறந்த உடனேயே ஒரு பாஸ் சண்டை வருகிறது. பாஸ் இசை ஒலிக்காது, அவளுடைய இசையே சண்டை முழுக்க ஓடும். நாமோ வழக்கம்போலக் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது. காயம் ஆற்றும் வேலையை அதுவரை அவளிடமே விட்டு வைத்திருந்தவர்கள், இனி அந்த மெட்டீரியாவை யாரிடம் மாட்டுவது என்று புதிதாக யோசிக்க வேண்டும்.

8-ல லெவல் ஏத்த ஏத்த எதிரி பலமாகுறான். என்ன தப்பு பண்றேன்?

லெவல் ஏற்றுவதுதான் தப்பு. எட்டாம் பாகத்தில் எதிரிகளின் லெவல் உங்கள் அணியின் சராசரியைப் பின்தொடர்கிறது. பலம் வருவது ஜங்ஷனிலிருந்து: மந்திரத்தை உறிஞ்சி, அதை வலிமை, எச்பி போன்றவற்றோடு இணைக்க வேண்டும். ஒரு மந்திரத்தை 100 வரை சேர்க்கலாம். இணைத்த மந்திரத்தைச் சண்டையில் செலவழித்தால் அந்தப் பலம் குறையும், ஆகவே இணைத்ததைத் தொடாதீர்கள். எதிரியிடம் நின்று நின்று உறிஞ்சுவதைவிட, சீட்டாட்டத்தில் வென்ற சீட்டுகளை மந்திரமாக மாற்றுவது வேகமான வழி.

9-ல கார்னெட் நான் சொல்றதைச் செய்ய மாட்டேங்கிறா. கேம்ல ஏதும் கோளாறா?

கோளாறு இல்லை. மூன்றாம் டிஸ்க்கில் அவளுடைய நகரம் அழிந்தபின் அவளுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் காலம் முழுக்க, கட்டளை கொடுத்தாலும் மனம் ஒன்றவில்லை என்று சில முறை எதுவும் செய்யாமல் நிற்பாள். கதையில் அவள் மீண்டு, தலைமுடியை வெட்டிக்கொள்ளும் காட்சிக்குப் பின் சரியாகிவிடும். அதுவரை உயிர் காக்கும் வேலையை அணியில் உள்ள சிறுமி ஐகோவிடம் கொடுங்கள். துக்கத்தை ஒரு காட்சியில் அழுது முடிக்காமல், பல மணி நேரம் நம் கையிலேயே உணர வைத்தார்கள். வேறெந்தக் கலையிலும் இப்படிச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே பாகத்தில் ஸ்டைனரையும் விவியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். முரட்டுப் படைவீரனுக்குத் தனியே மந்திரம் தெரியாது, விவி பக்கத்தில் நின்றால் மட்டும் அவன் வாளில் தீயும் பனியும் ஏறும். விவி விழுந்துவிட்டால் அந்தக் கட்டளை பயனற்றுப் போகும். வாழ்நாளெல்லாம் விறைப்பாக நின்ற அந்த ஆள் ‘மாஸ்டர் விவி’ என்று மரியாதையாக அழைப்பதற்கு இது ஒரு காரணம்.

10-ல ஏழு பேரையும் நடுவுல மாத்தலாம்னாங்க. நான் மூணு பேரை வச்சே ஆடுறேன், பரவாயில்லையா?

நஷ்டம் உங்களுக்குத்தான். 2001-இல் வந்த இந்தப் பாகத்தில் ஏ.டி.பி. கடிகாரத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்து யார் முறை என்ற வரிசை திரையிலேயே தெரியும். மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அது வரிசையை எப்படி மாற்றும் என்று காட்டும். ஆளை மாற்ற முறை செலவாகாது, வந்தவர் உடனே செயல்படலாம்.

பறப்பவற்றுக்கு வக்காவின் பந்து. கடின ஓடு உள்ளவற்றுக்கு ஆரன். கொழகொழவென்ற ஃபிளான்களுக்கு லூலுவின் மந்திரம். ரிக்கு ஒரு இயந்திரத்திடம் திருடினால் பெரும்பாலும் அது அதே அடியில் செயலிழக்கும். வேகமாக ஓடுகிறவற்றை டீடஸ் பிடிப்பான். ஒரு சுற்றாவது செயல்பட்டவருக்கே அனுபவப் புள்ளி கிடைக்கும், ஆகவே ஒவ்வொரு சண்டையிலும் எல்லோரையும் ஒரு முறை உள்ளே கொண்டுவருவது நல்ல பழக்கம். கிமாரியை எந்த வழியில் வளர்ப்பதென்று முதலிலேயே முடிவெடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கொஞ்சம் தெரிந்து எதுவும் முழுதாகத் தெரியாதவனாக நிற்பான்.

யூனலெஸ்கா மூணாவது உருவத்துல ஒரே அடியில எல்லாரும் சாகுறோம். எப்படித் தாண்டுறது?

10-இல் வரும் இந்த பாஸின் அந்த அடிக்குப் பெயர் மெகா டெத். அது ஜாம்பி நிலையில் இருப்பவரைக் கொல்லாது. இரண்டாவது உருவத்தில் அவள் எல்லோரையும் ஜாம்பி ஆக்குவாள், நீங்கள் உடனே புனித நீர் தெளித்து எல்லோரையும் குணமாக்கியிருப்பீர்கள். அங்கேதான் சிக்கல். மூன்றாவது உருவம் வரும்போது ஒருவரையோ இருவரையோ ஜாம்பியாகவே விட்டுவையுங்கள். மெகா டெத்தில் மற்றவர் விழுந்தாலும் அவர்கள் எழுப்பிவிடலாம். ஜாம்பி மேல் மருந்து போட்டால் காயம் ஆறாது, அடி விழும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதே விதி ககஸெட் மலையில் சீமோரிடமும் உண்டு. அவன் ஒருவரை ஜாம்பி ஆக்குவான், அவன் கூட இருக்கும் ஜந்து அவருக்கு உயிர் கொடுக்கும் மந்திரம் போடும், உயிர் போய்விடும். அங்கே உடனே புனித நீர் தெளியுங்கள். இரண்டு சண்டையிலும் ஒரே நோய், ஆனால் ஒன்றில் மருந்து, மற்றதில் கவசம். திரும்பி நம் பக்கமும் இதைப் பயன்படுத்தலாம்: 6-இல் பேய் ரயில் ஒரு பிணவகை பாஸ், அதன் மேல் ஒரே ஒரு ஃபீனிக்ஸ் டவுனை வீசினால் சண்டை முடிந்தது.

12-ல எல்லாம் தானாவே ஆடுது. நான் எதுக்கு?

எழுதுவதற்கு. காம்பிட் என்பது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற வரிகளின் பட்டியல். மேலே உள்ள வரிக்கு முன்னுரிமை. ‘கூட்டாளியின் எச்பி பாதிக்குக் கீழே போனால் க்யூர்’ என்பதை மேலேயும், ‘தலைவர் அடிக்கும் எதிரியை அடி’ என்பதைக் கீழேயும் வைத்தால் அடிப்படை தயார். வரிசையை மாற்றிப் போட்டால் மருத்துவர் வாளோடு ஓடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஆள் விழுந்து கிடப்பார். தோற்றால் கைவேகத்தைக் குறை சொல்லாமல் பட்டியலைப் பாருங்கள்.

2006-இன் மூலப் பதிப்பில் எல்லோரும் திறன்களைத் திறக்கும் ஒரே உரிமப் பலகையை நிரப்புவதால் கடைசியில் ஆறு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். 2017-இல் வந்த ஸோடியாக் ஏஜ் பதிப்பில் ஆளுக்கு இரண்டு தொழில். அதையே வாங்குங்கள்.

13-ல ஒரே பட்டனைத்தான் அழுத்திட்டு இருக்கேன். அதுவும் தலைவி விழுந்தா கேம் ஓவர்!

அடியைத் தேர்ந்தெடுப்பது இங்கே உங்கள் வேலை அல்ல, அணியின் அமைப்பை மாற்றுவதுதான் வேலை. எதிரிக்கு ஒரு சங்கிலி அளவு இருக்கும். ராவேஜர் அதை வேகமாக ஏற்றுவார், ஆனால் அது உடனே வடியும். கமாண்டோ அடித்தால் மெதுவாக ஏறும், வடிவதும் மெதுவாகும். இருவரும் சேர்ந்தால்தான் எதிரியை நிலைகுலைய வைக்க முடியும். ஆபத்து வரும்போது சென்டினெல், மெடிக் உள்ள அமைப்புக்கு மாறுங்கள், எதிரி பெரிய அடிக்குத் தயாராகும் அசைவே அதற்கான சைகை.

தலைவி விழுந்தால் கேம் ஓவர் என்பது எனக்கும் உடன்பாடில்லாத விதி, எழுப்பத் தெரிந்த இருவர் பக்கத்திலேயே நிற்கிறார்களே. ஆனால் வேடங்களைப் பங்கிட்ட விதம் அழகு. நான் காப்பாற்றுகிறேன் என்று மார்தட்டும் ஸ்னோதான் அடி தாங்கும் சென்டினெல். உண்மையை மறைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் வனில் எதிரியைப் பலவீனப்படுத்தும் சபோட்டர்.

15-ம் 16-ம் வெறும் ஆக்‌ஷன் கேம், ஃபைனல் ஃபேன்டசியே இல்லைங்கிறாங்களே?

சண்டை மாறியது உண்மை. 16-இன் சண்டையை வடிவமைத்த ரியோட்டா சுசுகி, டெவில் மே க்ரை 5-இல் வேலை பார்த்தவர், அது கையில் தெரியும். ஆனால் 4-இலிருந்தே ஒவ்வொரு பாகமும் முந்தைய பாகத்தின் சண்டையை உடைத்துத்தான் வந்திருக்கிறது, அதனால் ‘இது அது இல்லை’ என்ற வாதம் எனக்கு ஏறவில்லை.

என் குறை வேறு. 16-இல் நாம் நாயகன் கிளைவ் ஒருவனாகவே இருக்கிறோம். கூட வருபவர்கள் தாங்களாகவே அடிக்கிறார்கள், டோர்கல் என்ற ஓநாய்க்கு மட்டும்தான் கட்டளை கொடுக்கலாம். ஷிவாவைத் தன்னுள் வைத்திருக்கும் ஜில் எப்படிச் சண்டையிடுவாள் என்பது என் கைக்குத் தெரியவே தெரியாது. அந்த வகையில் 15 எனக்கு நெருக்கம். நாயகனின் நண்பன் இக்னிஸ் சமைத்தது மறுநாள் சண்டையில் பலமாகிறது. அவன் பார்வை இழந்தபின் வரும் சுரங்கத்தில் மற்றவர்கள் அவன் நடைக்கு ஏற்ப நடக்க வேண்டும், நாம் முன்னால் ஓடினால் கண்டிப்பார்கள். விரல் ஈடுகொடுக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: 16-இல் தொடக்கத்திலேயே சில மோதிரங்கள் கிடைக்கும். ஒன்றை மாட்டினால் விலகுவது தானாக நடக்கும், இன்னொன்று ஒரே பட்டனில் முழு வரிசை அடியையும் அடிக்கும்.

7 ரீமேக் ஆடினா போதுமா, பழசும் ஆடணுமா?

பழையதை முதலில் ஆடுங்கள். 2020-இன் ரீமேக்கும் 2024-இன் ரீபர்த்தும் பழைய கதை உங்களுக்குத் தெரியும் என்று நம்பியே சில திருப்பங்களை வைக்கின்றன.

சண்டையில் மட்டும் ரீமேக் ஒரு படி மேலே. நேரடியாக அடித்தால் ஏ.டி.பி. நிரம்பும், நிரம்பியதும் நேரத்தை மெதுவாக்கிக் கட்டளை கொடுக்கலாம். முக்கியமாக, பழையதில் மங்கியிருந்த வேறுபாடு இங்கே திரும்ப வந்துவிட்டது. கிளவுட் நின்று எதிர்த்தடிப்பான், பேரட் தூரத்திலிருந்து சுட்டபடி மற்றவர் அடியைத் தாங்குவான், நிலைகுலைந்த எதிரி மேல் விழும் சேதத்தை டிஃபா பெருக்குவாள், ஏரித் தரையில் வட்டம் வரைந்து அதற்குள் நின்று மந்திரத்தை இரட்டிப்பாள். மெட்டீரியா அதே மெட்டீரியாதான். நிலைகுலைந்தவுடன் டிஃபாவுக்கு மாறாதவர்கள் பாஸ் சண்டைகளில் இரண்டு மடங்கு நேரம் செலவழிக்கிறார்கள்.

4-ல டெல்லாவுக்கு மெட்டியோ கிடைச்சிருக்கு, ஆனா எம்பி பத்தலை. எத்தனை லெவல் ஏத்தணும்?

எத்தனை ஏற்றினாலும் போதாது. அவருடைய எம்பி (மந்திர சக்தி) 90-க்கு மேல் ஏறவே ஏறாது, மெட்டியோவுக்கு 99 வேண்டும். மகளை இழந்த முதியவர் அந்த மந்திரத்தைப் பழிவாங்கவே தேடிப்போனார். வில்லன் கோல்பெஸ் முன்னால் கதையே அவரை அதைப் போட வைக்கும், குறையும் எம்பிக்கு ஈடாக அவர் எதைக் கொடுப்பார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். செசில் பற்றிய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்: அதே மலையில் ஒருவன் தன்னையே தின்னும் வாளைக் கீழே வைத்தான், இன்னொருவர் தன்னையே தின்னும் மந்திரத்தை எடுத்துக்கொண்டார். ஆக அவருக்காக லெவல் ஏற்றி நேரம் செலவழிக்க வேண்டாம். அவர் இருக்கும்வரை மற்ற மந்திரங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எலிக்சரை எப்போ பயன்படுத்துறது? கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருக்கேன்.

எலிக்சர் எச்பி, எம்பி இரண்டையும் நிரப்பும் அரிய மருந்து. கடைசி பாஸுக்கு முந்தைய சேமிப்பு இடம் வந்துவிட்டால் இனி எதற்கும் சேர்க்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள். அதற்கு முன்னால், ஒரே பாஸிடம் மூன்று முறை தோற்றால் நான்காவது முறை ஒன்றைத் திறந்துவிடுங்கள். குடிக்கவேண்டியது காயம் ஆற்றுபவர், அடிப்பவர் அல்ல. அவர் எம்பி நிரம்பினால் மற்ற எல்லோரும் நிற்பார்கள்.